மீன் சாகிற தண்ணீர்

பூந்தமல்லியில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு நீச்சல் குளம் உண்டு. போன மாதம் அங்கே போயிருந்தபோது, பம்ப் அறையில் மூன்று பேர் நின்றுகொண்டு ஒரு வெள்ளை டப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். உப்புத் தண்ணீரிலிருந்து குளோரின் உண்டாக்கும் கருவி அது. குளத்தில் குளோரின் நிற்கவில்லையாம். "செல்லை மாத்திரலாம்" என்றார் ஒருவர். ஓய்வு பெற்றவனுக்கு வாய் சும்மா இருக்குமா? உள்ளே தலையை நீட்டி, "தண்ணியைப் பாத்தீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"கம்ப்ளெயின்ட் மிஷின்ல சார். தண்ணியில என்ன பாக்கறது?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் சுபாவம் அப்படி. ஆனால் வரவில்லை, ஏனென்றால் இதே வார்த்தையை நானே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். யாரிடம் சொன்னேன், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை அந்த மோட்டார் சத்தத்தில் அவர்களிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுதாகச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு, ஆவடியில் ஒரு வருட அப்ரன்டிஸ், பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் முப்பத்தொரு வருடம். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். ஷாக் அடித்த கதைகள் எல்லோரிடமும் இருக்கின்றன. எங்கள் கம்பெனி முலாம் பூசும் பட்டறைகளுக்கு ரெக்டிஃபையர் செய்து கொடுத்தது. ஏசி மின்சாரத்தை டிசியாக்கித் தரும் பெட்டி. தொட்டியில் தொங்கும் இரும்புச் சாமான்மேல் நிக்கலோ குரோமோ ஏறுவது அந்த மின்சாரத்தால்தான். பெட்டி கெட்டால் நான் போவேன், சரிசெய்வேன், டீ குடித்துவிட்டு வருவேன். எஸ்டேட்டில் மாணிக்கத்தை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கொரு நினைப்பு இருந்தது. அதை நான் மறைத்ததும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஸ்டெல்லா மேடம் எங்கள் சர்வீஸ் பிரிவுக்குத் தலைவராக வந்தார். வேதியியல் படித்தவர். அயனாவரத்துக்காரர். என்னைவிட ஆறு வயது இளையவர். "இந்தப் பொண்ணுக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியுமா?" என்று கேன்டீனில் எல்லோரும் சிரிக்கும்படி கேட்டது நான்தான். அவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்பதும் உண்மைதான். எந்த இயந்திரத்தையும் அவர் தொடவே மாட்டார். பழுது என்று கூப்பிட்ட இடத்துக்குப் போனதும் ஒரு காலி பக்கெட்டைக் கேட்டு வாங்கி, கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்காருவார். அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பட்டறை முதலாளிகள் நெளிவார்கள். பிறகு இரண்டே கேள்வி கேட்பார்: "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு? அதுக்கப்புறம் இதுல யார் யார் கை வெச்சாங்க?" பதிலை, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார்.

பாடி பக்கத்தில் ஒரு பட்டறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கிற முதல் சரக்கில் மட்டும் முலாம் உரிந்து வந்தது. நான் ரெக்டிஃபையரை இரண்டு முறை பிரித்து மாட்டினேன். மேடம் என்ன செய்தார் தெரியுமா, தொழிலாளர்களோடு உட்கார்ந்து தன் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் எழுந்துபோய், சாமான் அலசுகிற தொட்டியிலேயே பாத்திரங்களைக் கழுவினார்கள். குழம்பு எண்ணெய் அத்தனையும் தொட்டியில். கேஸ் முடிந்தது. அன்றைக்கு என் வாய் கொஞ்சம் அடங்கியது. மிச்சமும் அடங்கியது திருவேற்காட்டுப் பக்கம்.

திருவேற்காட்டிலிருந்து பருத்திப்பட்டு போகிற வழியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் இல்லம் இருந்தது. போலியோ தாக்கிய குழந்தைகளுக்கானது. அங்கே இடுப்பளவு ஆழத்தில் ஒரு சின்னக் குளம் கட்டியிருந்தார்கள். தரையில் தூக்க முடியாத காலைத் தண்ணீருக்குள் தூக்க முடியும், அதற்காக. பிளீச்சிங் பவுடர் குழந்தைகளின் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வெளிநாட்டு நன்கொடையாளர் ஒருவர் இந்தக் குளோரின் கருவியை அனுப்பியிருந்தார். டிசியில் ஓடுவது என்பதால், ரெக்டிஃபையர்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அது எங்கள் தலையில் விழுந்தது.

முதன்முதலில் அதைப் பார்த்த நாள் எனக்கு மறக்காது. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய், அதற்குள் சாம்பல் நிறத் தகடுகள். அதைத்தான் செல் என்பார்கள். குளத்தில் கரைத்திருந்த கல்லுப்பு, நம் கண்ணீரில் இருப்பதைவிடக் குறைவு. அந்தத் தண்ணீர் தகடுகளுக்கு நடுவே போகும்போது மின்சாரம் உப்பை உடைக்கிறது, குளோரின் பிறக்கிறது, குளத்துக்குப் போய்க் கிருமியைக் கொல்கிறது, வேலை முடிந்ததும் மறுபடியும் உப்பாகிவிடுகிறது. திரும்பக் குழாய்க்குள் வருகிறது. அதே உப்பு, சுற்றிச் சுற்றி. மேடம் இதை எனக்கு விளக்கிக்கொண்டு வந்தவர், பாதியில் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினைந்து வருடமாக மின்சாரத்தோடு புழங்கியவன் நான். அது இப்படியும் ஒரு வேலை செய்யும் என்று தெரிந்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஒன்றரை வருடம் கருவி ஒழுங்காக ஓடியது. ஒரு ஜூன் மாதம், இல்லத்தை நடத்திய பெரிய சிஸ்டர் போன் செய்தார். குளத்தில் குளோரின் காணோம். சோதிப்பது சுலபம். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து மருந்து இரண்டு சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். நான் போய்ச் சொட்டு விட்டுப் பார்த்தேன். எந்த நிறமும் வரவில்லை.

முலாம் பட்டறையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது சரியில்லை என்றாலும் முதலில் ஆசிட்டில் முக்கு. துருவா, எண்ணெயா, அழுக்கா, எதுவானாலும் முக்கு. நானும் அந்தக் கூட்டம்தானே. செல்லைக் கழற்றினேன், தகட்டில் லேசாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது, ஆசிட்டில் முக்கினேன். நுரைத்தது, பளிச்சென்று ஆனது, மாட்டினேன். மறுநாளும் மஞ்சள் வரவில்லை. ஆம்பியர் சரி, வோல்ட்டும் சரி. மறுபடி முக்கினேன். மூன்றாவது தடவையும் முக்கினேன். அந்தத் தகடுகளின் உயிரே அவற்றின்மேல் இருக்கிற மெல்லிய பூச்சுதான், ஒவ்வொரு முக்கலிலும் அது கொஞ்சம் போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை.

"ரெண்டு நாள் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பாத்தோம்ப்பா, அதுவும் நிக்கலை" என்றார் சிஸ்டர்.

"பவுடர் பழசா இருக்கும் சிஸ்டர்" என்று தள்ளிவிட்டேன்.

அதற்குள் இரண்டு குழந்தைகளுக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. சிஸ்டர் குளத்தை மூடினார். நானும் கருவியை நிறுத்திவிட்டு, "செல் செத்துவிட்டது, புதிது வரவழைக்க வேண்டும்" என்று ரிப்போர்ட் எழுதினேன். கப்பலில் வந்து சேர மூன்று மாதம் ஆகும் என்றேன்.

சிஸ்டர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அமுதாவுக்கு மூணு மாசம் இல்லையேப்பா" என்றார்.

அமுதா ஏழு வயதுப் பெண். அவளுடைய வலது பாதம் போலியோவில் தொங்கிப்போயிருந்தது. வேறொரு தசைநாரை இடம் மாற்றித் தைத்து, மாவுக்கட்டுப் போட்டு, அப்போதுதான் பிரித்திருந்தார்கள். அந்த நார் தன்னுடைய புது வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கட்டுப் பிரித்த முதல் சில வாரங்கள்தான் அதற்கு வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவும் தண்ணீருக்குள்தான், தரையில் அந்தப் பாதத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது. அந்த நாட்களைத் தவறவிட்டால் நார் அப்படியே ஒட்டிக்கொண்டுவிடும், ஆபரேஷன் வீண். "வேற குளம் எங்கயாச்சும்?" என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு குழந்தையை எந்தக் குளத்தில் இறக்கவிடுவார்கள்?

கம்பெனியில் மேடம் என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "தண்ணி எப்படி இருந்துச்சு மாணிக்கம்?" என்று கேட்டார்.

"கம்ப்ளெயின்ட் மிஷின்ல மேடம். தண்ணியில என்ன பாக்கறது?"

அவர் ரிப்போர்ட்டை மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தன் மொபெட்டில் இல்லத்தின் வாசலில் வந்து இறங்கினார். குளத்தின் ஓரம் பக்கெட் கவிழ்ந்தது. நான் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்து சிஸ்டரிடம் முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி. பிளீச்சிங் பவுடர் விஷயம் வந்ததும் பென்சில் நின்றது.

"பவுடரும் நிக்கலையா?"

"இல்லம்மா."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஒரு பக்கெட்டில் புதிதாகக் கிணற்றுத் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். அதில் உப்பை எடைபோட்டுக் கரைக்கச் சொன்னார். நான் செல்லை அதற்குள் இறக்கி ரெக்டிஃபையரைப் போட்டேன். தகடுகளிலிருந்து குமிழி பொங்கித் தண்ணீரே வெளுத்துப்போனது. பத்து நிமிடம் கழித்து ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு இரண்டு சொட்டு மருந்து விட்டால், கிட்டத்தட்ட ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விட்டது.

"செல் சாகலை மாணிக்கம்" என்றார் மெதுவாக.

பிறகு குளத்திலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து அந்த டம்ளரில் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். நிறம் போய்விட்டது. மெல்ல வெளிறவில்லை. ஊற்றின கை டம்ளரை விட்டு விலகுவதற்குள் சுத்தமாகப் போய்விட்டது. நான் டம்ளரைத் தூக்கி அடியில் பார்த்தேன், சுற்றிப் பார்த்தேன். எத்தனையோ வருட வேலையில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

"அழுக்கும் குளோரினைத் தின்னும்" என்றார் மேடம். "ஆனா மென்னு தின்னும், நேரம் எடுக்கும். இது ஒரே முழுங்கா முழுங்கிடுச்சு. இது அழுக்கு இல்ல. யாரோ ஏதோ போட்டிருக்காங்க."

சிஸ்டர் உள்ளே பிரார்த்தனைக்குப் போயிருந்தார். குளத்தங்கரையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவிடம், தினமும் இந்தத் தண்ணீர் பக்கம் வருவது யார் என்று மேடம் கேட்டார்.

"யார் வராங்க? அமுதாவோட அப்பாதான் தெனம் வருவாரு, பொண்ண பாக்க. தண்ணிய கையால அளைஞ்சிகினு ஒக்காந்திருப்பாரு. தோ, அவரே வராரு."

ஏழுமலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலத்தில் பாதியில் சிமென்ட் தொட்டிகள் கட்டி, வண்ண மீன் வளர்த்துப் பட்டணத்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கேரியர் நிறைய, தண்ணீரும் மீனுமாக உப்பிய பிளாஸ்டிக் பைகள். அதில் ஒரு பையில் ஒரு மீன் சாய்ந்து கிடந்தது. எங்களைக் கண்டும் காணாததுபோல், அந்தப் பையைப் பிரித்து உள்ளே கையை விட்டார். வாலைத் தொடாமல், அதற்கு ஒரு விரல்கடை தள்ளி உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "தண்ணி கையில இடிக்குது. வாலு அடிக்குது. பொழச்சிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுப் பையைக் கட்டினார். நிமிர்ந்து எங்களுக்கு ஒரு வணக்கம் போட்டார்.

மேடம் கேட்டார்: "ஏழுமலை, குளத்துல ஏதாவது போட்டீங்களா?"

"ஆமாம்மா, ஹைப்போ." ஒளிவுமறைவே இல்லை. மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். கல்கண்டு மாதிரி இருந்தது, குளோரினைக் கொல்கிற உப்பு. "கொழா தண்ணில மருந்து வாசன கீதுன்னா மீனுக்கு ஆவாதும்மா. இத்த ஒரு சிட்டிக போட்டா வாசன பூடும். இது பெரிய கொளமாச்சே, அதான் தெனம் காலைல ரெண்டு கைப்பிடி போட்டுகினு இருந்தேன். மூடுனப்பறம் போடல."

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"யாரும் கேக்கலியேம்மா."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "யோவ், அறிவு கீதாய்யா ஒனக்கு? ஒன்னால நான் நாயா அலைஞ்சிகினு கீறேன்" என்று பாய்ந்தேன். மேடம் கையை உயர்த்தினார்.

ஏழுமலை என்மேல் கோபப்படவில்லை. "அண்ணாத்தே, கோச்சிக்காத. இத்த போடறதுக்கு மின்ன, ரெண்டு கோல்டு பிஷ்ஷ கொண்டாந்து இந்த தண்ணில உட்டு பாத்தேன். கொஞ்ச நேரத்துல ரெண்டும் மல்லாந்துகிச்சி. என் மீனு சாவுற தண்ணில என் பொண்ண எப்டி எறக்குவேன்? நீயே சொல்லு."

அப்போது என் மகளுக்கு ஐந்து வயது.

மேடம் டம்ளரைக் கழுவி, அதில் குளத்துத் தண்ணீரை மொண்டு என்னிடம் கொடுத்து, "ஏதாவது தெரியுதா?" என்றார். வெயிலில் தூக்கிப் பார்த்தேன். சுத்தமான தண்ணீர், வேறொன்றும் இல்லை. "நீங்க பாருங்க" என்று ஏழுமலையிடம் கொடுத்தார். அவர் டம்ளரைச் சாய்த்து, பின்னால் கையை மறைப்பாக வைத்து, கண்ணை இடுக்கினார். முகம் மாறிவிட்டது.

"உசுரு கீதும்மா இதுல."

"எங்க?"

"தோ, தூசு மாரி மேலயும் கீழயும் ஓடுது பாரு. குஞ்சு மீனுக்கு இதான் தீனி. வைக்கோல ஊற போட்டு நெழல்ல வெச்சா வரும். எங்க ஊட்ல நானே வளக்கறேன்."

அவர் விரல் காட்டிய இடத்தில் கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. தூசி ஒரு திசையில் போய், நின்று, திரும்பி வந்தது. பத்து நாளாக அந்தக் குளத்தின் ஓரம் நின்ற என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. அந்த மனிதர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "இது வந்தா கண்ணுக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவோ கூட வந்திருக்கும் ஏழுமலை. ரெண்டு பசங்களுக்குக் காதுல சீழ். அந்த மருந்து வாசனை இருந்த வரைக்கும் இது எதுவும் இங்க வரல. மீன் அந்தத் தண்ணியையே மூச்சா இழுக்குது, அதான் சாகுது. அமுதா காத்தைத்தானே இழுக்குது?"

ஏழுமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இத்த இங்க வளத்தது நான்தானா?" என்று கேட்டார்.

சிஸ்டர் வந்ததும் மேடம், "தண்ணியில ஒரு கெமிக்கல் மிஞ்சிடுச்சு சிஸ்டர், மாத்திட்டா சரியாயிடும்" என்றார். சிஸ்டர் ஏழுமலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. குளத்தை இறைத்துத் துடைப்பத்தால் தேய்த்தது ஏழுமலையும் நானும்தான். கெடுத்தவர்களும் நாங்கள் இரண்டு பேர்தானே, அவர் ஹைப்போ போட்டு, நான் ஆசிட்டில் முக்கி. புதுத் தண்ணீர் நிரம்பியதும் உப்புக் கரைத்தோம். அவர் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்து, "இன்னும் ரெண்டு படி" என்றார். நான் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இரண்டு படிதான் குறைந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கொட்டினேன்.

என் ஆசிட் வேலையால் செல்லின் பலம் கொஞ்சம் குறைந்திருந்தது. தினம் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்ட வேண்டியதாயிற்று. மேடம் என் பழைய ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, வேறு எழுதச் சொன்னார். "கருவியில் பழுதில்லை. தண்ணீரைப் பார்க்காமல் செல்லை மூன்று முறை ஆசிட்டில் முக்கினேன்" என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் நாள் காலை டம்ளரில் மஞ்சள் நின்றது. சிஸ்டர் குளத்தைத் திறந்தார். ஆனால் அமுதா வாசல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எறங்க மாட்டேன். மீனு செத்துப்பூச்சின்னு நீதான சொன்ன?"

ஏழுமலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கி, முழுதாக ஒரு முங்கு முங்கி எழுந்தார். "பாத்தியா, நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"நீ மீனு இல்லியே."

"நீயும் மீனு இல்லடி."

அவள் அதை யோசித்தாள். சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் கம்பியை அவள் கை தானாக விட்டது. ஏழுமலை அவளைத் தூக்கி இறக்கி, ஓரத்துப் படியில் உட்கார வைத்தார்.

"பாதத்தை மேல இழும்மா" என்றார் சிஸ்டர். அமுதா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பாதம் அசையவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆம்பியர் பார்க்கப் போகிறேன் என்று சாக்குச் சொல்லி நான் தினமும் போனேன். எனக்குப் பயமாக இருந்தது. நாங்கள் வீணாக்கிய நாட்களில் அந்த நார் ஒட்டிப்போயிருந்தால்? அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஏழுமலையின் முகத்திலும் அதே பயம் எழுதி ஒட்டியிருந்தது.

ஆறாம் நாள் மேடமும் வந்து பக்கெட்டில் உட்கார்ந்தார். அமுதா இழுத்தாள். எங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஏழுமலை குளத்துக்குள் குனிந்து, மகளின் பாதத்தைத் தொடாமல், அதற்கு மேலே ஒரு விரல்கடை தள்ளித் தன் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"இன்னொரு தபா இழு."

இழுத்தாள். அவர் அசையவே இல்லை.

"இன்னொரு தபா."

அவர் நிமிராமல், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எம்மா, தண்ணி இடிக்குது. அடிக்குதும்மா."

எதையும் தொடாத ஸ்டெல்லா மேடம் பக்கெட்டை விட்டு எழுந்து வந்தார். புடவை நனைவதைப் பார்க்காமல் மண்டியிட்டு, அந்தச் சின்னப் பாதத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் தன் கையை விட்டார். நானும் விட்டேன்.